பெங்களூரில் மரத்தக்காளி வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்கோ குன்னூருக்கோ கொடைக்கானலுக்கோ போய்த் திரும்புகிறவர்கள் சாலையோரக் கூடையில் முட்டை வடிவில், கருஞ்சிவப்பாக ஒரு பழத்தைப் பார்த்திருப்பார்கள். நாலு வாங்கி வருவார்கள். இரண்டைத் தின்றுவிட்டு மிச்சத்தின் விதையைத் தொட்டியில் தூவினால் பத்தே நாளில் நாற்று நிற்கும். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. மாடியிலும் வீட்டின் பின்கட்டிலும் மரத்தக்காளி வளர்க்கும் பெங்களூர்த் தமிழர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே. அளவுகள் எல்லாம் பெங்களூரின் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்றவை. ஊட்டியில் வளர்ப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

மரத்தக்காளியும் தக்காளியும் ஒன்றா?

ஒன்றல்ல, சொந்தக்காரர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, சுண்டைக்காய் எல்லாம் சேர்ந்த சொலனேசியே குடும்பம்தான் இதற்கும். தாவரவியல் பெயர் சொலானம் பீட்டேசியம். பழைய புத்தகங்களில் சைஃபோமாண்ட்ரா பீட்டேசியா என்று இருக்கும், அதுவும் இதுவே. பிறந்த இடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதி. பொலிவியா, வடமேற்கு அர்ஜென்டினா பக்கம். 'டமரில்லோ' என்ற பெயர் தென் அமெரிக்காவில் வழங்கியது போலத் தோன்றினாலும், 1967-இல் நியூசிலாந்துக்காரர்கள் ஏற்றுமதி வியாபாரத்துக்காக வைத்த பெயர் அது. பெங்களூர் நர்சரியில் 'ட்ரீ டொமேட்டோ' என்று கேட்டால்தான் புரிந்துகொள்வார்கள்.

மரம் என்று சொல்கிறோமே தவிர, கட்டை மிருதுவானது. 2 முதல் 5 மீட்டர் வரை உயரும். வேர் ஆழமாகப் போகாமல் மேல்மண்ணிலேயே பரவும். கிளை லேசாக வளைத்தாலே முறியும். இலையோ பெரிது, கனமானது. மேலே பாரம், கீழே பிடிப்பில்லை. இந்தச் செடிக்கு வரும் சங்கடங்களில் பாதி இதனால் வருபவை.

ஆன்லைனில் 'இத்தாலியன் ட்ரீ டொமேட்டோ' விதை வாங்கினேன். அது இதுதானா?

பெரும்பாலும் இல்லை. அந்தப் பெயரில் விற்பது உயரமாகப் படரும் சாதாரணத் தக்காளி ரகம். படத்தில் ஏணி வைத்துப் பறிப்பார்கள், வீட்டில் ஆறு மாதத்தில் காய்ந்துபோகும்.

நாற்று நாலு இலை விட்டதும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். தக்காளி இலை பல துண்டுகளாக வெட்டுப்பட்டிருக்கும். மரத்தக்காளி இலையில் வெட்டு இருக்காது. பூவரச இலை போல முழு இதய வடிவம், மேலே மெல்லிய ரோமம், நரம்புகள் புடைத்துத் தெரியும். வளர்ந்த செடியில் ஓர் இலை 17 முதல் 30 செ.மீ. நீளம் இருக்கும். கசக்கி முகர்ந்தால் வீச்சமான ஒரு வாடை வரும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அப்புறம் சந்தேகமே வராது.

பெங்களூர் தட்பவெப்பம் இதற்கு ஒத்துவருமா?

வரும், ஆனால் விளிம்பில் நிற்கிறோம். இந்தச் செடிக்குப் பிடித்தது 15 முதல் 22 டிகிரி செல்சியஸ். இரவு குளிர்ந்தால்தான் பூவும் பிஞ்சும் நிற்கும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெங்களூர் சுமார் 920 மீட்டரில். ஜூன் முதல் பிப்ரவரி வரை நம் ஊர் இரவு இதற்குப் போதும். இடிப்பது மார்ச், ஏப்ரல், மே. பகலில் 34 டிகிரியைத் தொடும்போது இலை தொங்கும், பூ கொட்டும். செடி சாகாது, காய்ப்பு நின்றுபோகும்.

அதனால் இடம் தேர்வுதான் முதல் வேலை. காலை வெயில் ஐந்தாறு மணி நேரம், மதியம் இரண்டுக்கு மேல் நிழல். வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரோரம் உத்தமம். மேற்குச் சுவரோரம் வேண்டாம், பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் சுவர் திருப்பித் தரும். நம் செடிக்கு வேண்டிய குளிர்ந்த இரவு அங்கே கிடைக்காது. தரை இருப்பவர்கள் மேற்கே ஒரு முருங்கையோ அகத்தியோ வைத்துவிட்டால் நிழலும் ஆயிற்று, கீரையும் ஆயிற்று.

சென்னையிலும் மும்பையிலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கன்று கொடுக்கலாமா?

அழகுச் செடியாக வைத்துக்கொள்வார்கள் என்றால் கொடுங்கள். கடலோர ஊரின் சூடான இரவில் செடி இலையாக வளரும், பழத்தை எதிர்பார்க்க முடியாது. டெல்லியில் கோடையே செடியைக் கருக்கிவிடும்.

சிவப்பு, மஞ்சள், இரண்டில் எது நல்லது?

சிவப்பில் புளிப்பும் மணமும் தூக்கல். விதையைச் சுற்றிய கூழ் கருஞ்சிவப்பாக, அறுக்கும்போதே கையைச் சாயமாக்கும். சட்னி, தொக்குக்கு இதுதான். மஞ்சளில் புளிப்பு குறைவு, வாசனை மென்மை. குழந்தைகள் கரண்டியால் தோண்டித் தின்ன மஞ்சள் சரி. வளர்ப்பில் இரண்டுக்கும் ஒரே கவனிப்புதான்.

விதை போடுவதா, போத்து (வெட்டிய கிளைத் துண்டு) நடுவதா?

விதைக்கன்று ஒற்றைத் தண்டாக ஒன்றரை மீட்டர் வரை நேரே ஏறி, அதன் பிறகுதான் கிளை பிரியும். போத்திலிருந்து வரும் செடி அடியிலேயே கிளைத்துப் புதர் போலத் தாழ்வாக நிற்கும். காற்றடிக்கும் மாடிக்குப் போத்துச் செடி தோது. ஆனால் தாய்ச்செடியில் வைரஸ் இருந்தால் அதுவும் போத்தோடு கூடவே வரும். விதைக்கன்று பெரும்பாலும் நோயில்லாமல் தொடங்கும். தாய்ச்செடியை நேரில் பார்த்து, இலையில் பச்சையும் வெளுப்புமாகத் திட்டுகள் இல்லை என்று தெரிந்தால் போத்து வாங்குங்கள். பார்க்க முடியாவிட்டால் விதையே போடுங்கள்.

விதையை முளைக்க வைப்பது எப்படி?

செடியிலேயே நன்றாகப் பழுத்த பழம் வேண்டும். குறுக்கே அறுத்து, விதையை ஒரு வடிகட்டியில் போட்டு, குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்துக் கூழைப் போக்குங்கள். கூழ் ஒட்டியிருந்தால் பூசணம் பிடிக்கும். பிறகு காகிதத்தில் பரப்பி நிழலில் இரண்டு நாள் உலர்த்தவும். உலர்ந்த விதையைச் சிறு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் 24 மணி நேரம் வைத்து எடுத்தால் முளைப்பு வேகமாகவும் ஒரே சீராகவும் இருக்கும். ஈர விதையை ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே பனிக்கட்டி பிடித்துச் செத்துப்போகும். உலர்ந்துவிட்டதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நாற்றுத் தட்டில் நிரப்பி, அரை செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாளில் முளை தெரியும். தண்ணீரைத் தெளிப்பானால் மட்டும் விடவும். நாற்றின் கழுத்து கறுத்துச் சாய்ந்தால் ஈரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். 5 செ.மீ. உயரத்தில் தனித்தனிப் பைக்கு மாற்றி, ஒரு முழம் உயரம் வந்ததும் நிலைத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம். பெங்களூருக்கு நல்ல கணக்கு: பிப்ரவரியில் விதை, ஜூனில் நடவு. முதல் கோடை வருவதற்குள் செடிக்கு எட்டு ஒன்பது மாதம் வேர் பிடிக்க நேரம் கிடைக்கும்.

போத்து எப்படி எடுப்பது?

ஒன்று இரண்டு வயதான, பெருவிரல் பருமனுள்ள கிளை. 45 செ.மீ. நீளத்துக்குக் குறையக் கூடாது. அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள். இலையை எல்லாம் எடுத்துவிட்டு, வெட்டுவாய் உலர ஒரு நாள் நிழலில் கிடத்தி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நடவும். துளிர்த்த வேகத்திலேயே பூவும் வரும். பார்க்கப் பரவசமாக இருக்கும். முதல் வருடம் அந்தப் பூவைக் கிள்ளிவிடுங்கள். வேரே பிடிக்காத தண்டில் காய் தொங்கினால் செடி அதோடு குட்டையாகிவிடும்.

தரையில் நடுவதற்குக் குழி, மண் அளவு சொல்லுங்கள்.

முதலில் ஒரு சோதனை. ஒரு அடி ஆழக் குழி தோண்டி, ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் இன்னொரு பக்கெட். இரண்டாவது தண்ணீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் அந்த இடத்தில் குழியில் நடவே கூடாது, மேட்டில்தான் நட வேண்டும். முப்பதுக்கு நாற்பது மனைகளில் வீடு கட்டியபோது கொட்டிய ஜல்லியும் சிமென்ட் கழிவும் செம்மண்ணுக்கு அடியில் கிடக்கும். மேலே பார்த்தால் நல்ல மண், கீழே தண்ணீர் போக வழி இருக்காது.

வடிகால் நன்றாக இருந்தால் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம். எடுத்த மண்ணோடு மட்கிய தொழு உரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு அரை கிலோ, ட்ரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை) 100 கிராம் கலந்து நிரப்பவும். ட்ரைக்கோடெர்மாவைத் தொழு உரத்தில் கலந்து, ஈரமாக்கி, சாக்குப் போட்டு மூடி ஒரு வாரம் வைத்திருந்து பிறகு மண்ணில் சேர்த்தால் அது பெருகிப் பலன் தரும். வடிகால் மோசமென்றால் குழியே வேண்டாம். இதே கலவையைத் தரைக்கு மேல் ஒன்றரை அடி உயரம், நாலடி அகலத்துக்கு மேடு போட்டு அதன் உச்சியில் நடுங்கள். இரண்டு செடி வைப்பதானால் இடைவெளி இரண்டரை மீட்டர்.

இன்னொன்று: முன்பு தக்காளி, கத்தரி, மிளகாய் வைத்திருந்த பாத்தியில் இதை நட வேண்டாம். வாடல் நோய்க் கிருமியும் வேர்முடிச்சு நூற்புழுவும் அந்த மண்ணில் காத்திருக்கும். குடும்பம் ஒன்று, நோயும் ஒன்று.

மாடியில் டிரம்மில் வைக்கலாமா?

வைக்கலாம். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்தால் கிடைக்கும் 100 லிட்டர் அளவு சரியாக இருக்கும். 60 லிட்டருக்குக் கீழே இறங்காதீர்கள். அடியில் ஒரு விரல் நுழையும் துளை எட்டு, பக்கவாட்டில் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் நாலு. டிரம்மை மூன்று செங்கல் மேல் தூக்கி வைக்கவும். தளத்தோடு ஒட்டி வைத்தால் துளை அடைபடும், தளத்திலும் கசிவு வரும்.

கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ 2 பங்கு, கோகோபீட் 1 பங்கு, பெருமணலோ நிலக்கரிச் சாம்பல் கட்டியோ 1 பங்கு. கோகோபீட் பாதிக்குப் பாதி போட்டால் மழைக்காலத்தில் டிரம் ஈரப் பஞ்சாகிவிடும். ஒரு டிரம் நனைந்த நிலையில் நூறு கிலோவைத் தாண்டும். அதனால் தூணுக்கோ பீமுக்கோ நேர் மேலே வையுங்கள், தளத்தின் நடுவில் வேண்டாம்.

கோடையில் நீல டிரம்மின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுடும். வேர் சுவரோரமாகத்தான் சுற்றியிருக்கும், அது வெந்துபோகும். வெளியே ஈரச்சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள், அல்லது சிறு தொட்டிகளைச் சுற்றி அடுக்கி நிழல் கொடுங்கள். மார்ச் முதல் மே முடிய 50 சதவீத நிழல்வலை மதியத்துக்குப் பின் விழும்படி மேற்குப் பக்கம் மட்டும் கட்டினால் போதும். முழுக்க மூடிவிட்டால் செடி வெளிறி நீளும், பூ வராது.

பன்னிரண்டாவது மாடி பால்கனி? சிரமம். வெளிச்சம் இருந்தாலும் காற்று கிளையை விட்டுவைக்காது.

தண்ணீர் எவ்வளவு?

மேல் இரண்டு அங்குல மண்ணுக்குள் விரலை விடுங்கள். ஈரம் தட்டினால் விட்டுவிடுங்கள், தட்டாவிட்டால் ஊற்றுங்கள். கோடையில் 100 லிட்டர் டிரம்முக்குத் தினமும் 4 முதல் 6 லிட்டர் பிடிக்கும். டிசம்பரில் மூன்று நாளைக்கு ஒருமுறை போதும். தரைச் செடிக்குக் கோடையில் இரண்டு நாளைக்கொருமுறை 15 லிட்டர். மூன்று அங்குலக் கனத்துக்குத் தேங்காய் மட்டையோ காய்ந்த இலையோ மூடாக்குப் போட்டால் இதில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். மேல்மண்ணிலேயே வேர் இருப்பதால் மூடாக்கு இல்லாமல் ஒரு கோடையைக் கடத்துவது கஷ்டம். தண்டை மட்டும் மூடாக்கு தொடக் கூடாது, நாலு அங்குலம் தள்ளியே நிற்கட்டும்.

போர்வெல் தண்ணீர் மட்டுமே விடுகிற வீடுகளில் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். கடினநீரால் மண் காரமாகி, இரும்புச் சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாத நிலை இது. இரும்புக் கீலேட் (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்பு) லிட்டருக்கு 1 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் அதைச் செடிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை.

நன்றாக இருந்த செடி, மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்ததும் வாடிவிட்டது. தண்ணீர் ஊற்றியும் நிமிரவில்லை.

அதிகம் வரும் புகார் இது. தண்ணீர் ஊற்றியதுதான் கடைசி அடி. தேங்கிய நீரில் வேருக்குக் காற்று கிடைக்காமல் இரண்டு மூன்று நாளில் மூச்சுமுட்டிப்போகும். அழுகிய வேரால் நீர் உறிஞ்ச முடியாததால் ஈரத்தில் நின்றபடியே செடி வாடும். வெளியிலிருந்து பார்த்தால் தாகம் போலவே இருக்கும்.

மண்ணை ஒரு சாண் ஆழம் கிளறி ஒரு வேரை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அழுகல். கொஞ்சம் வேராவது வெள்ளையாக இருந்தால் இப்படிச் செய்யலாம்: மூடாக்கை அகற்றி மண்ணை உலரவிடுங்கள். இலைப்பரப்பை மூன்றில் ஒன்றாகக் குறையுங்கள். காய் இருந்தால் எல்லாவற்றையும் பறித்துவிடுங்கள். காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூசணக்கொல்லியை லிட்டருக்கு 3 கிராம் கரைத்து வேர்ப்பகுதியில் 2 லிட்டர் ஊற்றுங்கள். நாலைந்து நாள் வேறு தண்ணீர் வேண்டாம். கூடவே, உச்சிக் கிளையில் இரண்டு போத்து வெட்டித் தனியே நட்டுவிடுங்கள். தாய் போனாலும் ரகம் கையில் இருக்கும்.

மண்ணில் தண்ணீர் தேங்கவில்லை, காய்ந்தும் போகவில்லை, வேரும் வெள்ளை, ஆனாலும் ஒரே நாளில் பச்சையாக வாடிவிட்டதென்றால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம். அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளர் நீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் போன்ற வெண்ணிழை இறங்கினால் அதுதான். அதற்கு மருந்தில்லை. பிடுங்கி எரித்துவிட்டு, அந்த மண்ணில் கத்தரிக் குடும்பம் எதையும் வைக்காதீர்கள்.

உச்சியைக் கிள்ள வேண்டுமா? கவாத்து எப்போது?

கிள்ளியே ஆக வேண்டும். விதைக்கன்று ஒரு மீட்டர் தொட்டதும் நுனியை வெட்டுங்கள். கீழிருந்து நாலைந்து கிளை வரும். நாலு திசையில் நாலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'இவ்வளவு நன்றாக வளர்கிறதே' என்று மனசு வராமல் விட்டால் பத்தடி உயரத்தில் நாலு பழம் காய்க்கும். அதைப் பறிக்க ஏணி வைக்கும்போது கிளை முறியும்.

புதுத் துளிரில்தான் பூ வரும். அதனால் அறுவடை முடிந்ததும், மார்ச்சுக்கு முன், காய்த்த கிளைகளைப் பாதி நீளத்துக்குக் குறைத்து, உலர்ந்ததையும் உள்நோக்கி வளர்வதையும் எடுத்துவிடுங்கள். வெட்டாமல் விட்ட செடியில் வருடா வருடம் காய்ப்பு கிளை நுனியை நோக்கித் தள்ளிப்போகும், நடுவில் மொட்டையாகும். ஏப்ரல் வெயிலில் வெட்டாதீர்கள், திடீரென்று வெளிப்பட்ட தண்டு வெயிலில் வெடிக்கும்.

காற்றில் கிளை ஒடிகிறது. என்ன செய்ய?

நம் ஊரில் இரண்டு காற்று. ஏப்ரல், மேயில் மாலை இடிமழையோடு வரும் சூறை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து விடாமல் வீசும் பருவக்காற்று. முதலாவது கிளையை முறிக்கும், இரண்டாவது செடியை ஆட்டி ஆட்டி வேரைத் தளர்த்தும். ஒற்றைக் குச்சி போதாது. நடும்போதே மூன்று மூங்கிலை முக்கோணமாக ஊன்றி, பழைய காட்டன் புடவையை இரண்டங்குலப் பட்டையாகக் கிழித்து எட்டுப் போட்டுக் கட்டுங்கள். நைலான் கயிறு தண்டை அறுக்கும். காய் கொத்தாகத் தொங்கும் கிளைக்குத் தனி முட்டு வேண்டும்.

பாதி முறிந்து தொங்கும் கிளையை ஒட்டவைக்கப் பார்ப்பது வீண். சுத்தமாக வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசிவிடுங்கள். வெட்டியது பெருவிரல் பருமன் என்றால் போத்தாகிவிட்டது.

உரம் என்ன, எவ்வளவு?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தரைச் செடிக்கு 5 கிலோ மண்புழு உரம், 250 கிராம் வேப்பம் புண்ணாக்கு. டிரம் செடிக்கு இதில் பாதி. பூக்கத் தொடங்கியதிலிருந்து மாதம் ஒருமுறை சல்ஃபேட் ஆஃப் பொட்டாஷ் ஒரு டீஸ்பூனை 5 லிட்டர் நீரில் கரைத்து ஊற்றலாம். யூரியா பக்கம் போகாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் தண்டு கொழுகொழுவென்று நீண்டு இன்னும் எளிதாக ஒடியும், அசுவினிப் பூச்சியும் மொய்க்கும். களையைக் கையால் பிடுங்குங்கள். கொத்துப் போட்டால் மேல்வேர் அறுந்துவிடும்.

பூக்கிறது, ஆனால் எல்லாம் உதிர்கிறது. ஏன்?

கொஞ்சம் உதிர்வது இயல்பு. ஒரு கொத்தில் பத்து முதல் ஐம்பது பூ வரை வரும், அதில் ஒன்று முதல் ஆறு காய்தான் நிற்கும். எல்லாமே உதிர்ந்தால் காரணம் தேட வேண்டும்.

மார்ச் முதல் மே என்றால் சூடு. ஒன்றும் செய்ய வேண்டாம், ஜூனில் வரும் பூ நிற்கும். மற்ற மாதங்களில் என்றால் மகரந்தச் சேர்க்கை. பூவைக் கிட்டத்தில் பாருங்கள்: வெளிர் ரோஜா கலந்த வெள்ளையில் ஐந்து இதழ், நடுவில் மகரந்தப்பைகள் கூம்பாகக் கூடி நிற்கும். அவை உப்பு டப்பா மாதிரி நுனித் துளை வழியாகத்தான் மகரந்தத்தை விடும், குலுக்கினால்தான் கொட்டும். நீலப்பட்டைத் தேனீ, கருவண்டு போன்றவை பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கின்றன. சும்மா காற்று ஆட்டினாலும் ஓரளவு நடக்கும். தன் மகரந்தமே போதும் என்பதால் இரண்டாவது செடி தேவையில்லை. வலை கட்டிய மாடியில் வண்டும் வராது, காற்றும் வராது. காலை ஒன்பது, பத்து மணிக்குக் கொத்தின் காம்பை விரலால் நாலு சுண்டு சுண்டுங்கள். பழைய எலக்ட்ரிக் டூத்பிரஷ் இருந்தால் அதன் முதுகைக் காம்பில் மூன்று விநாடி வைத்தால் மஞ்சள் தூள் கொட்டுவது கண்ணுக்கே தெரியும்.

என்னென்ன பூச்சி, நோய் வரும்?

அசுவினி முதல் எதிரி. இளந்துளிரின் அடியில் கூட்டமாக இருக்கும், எறும்பு ஏறுவது முதல் அடையாளம். சாறு உறிஞ்சுவதைவிட வைரஸைக் கொண்டுவருவதுதான் பெரிய கேடு. வேப்பெண்ணெய் 5 மி.லி., திரவ சோப்பு 1 மி.லி., ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் நன்றாகக் கலக்கி மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை, மூன்று வாரம் அடிக்கவும். வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கும் இதே.

இலையில் பச்சையும் வெளிர்ப்பச்சையுமாகத் திட்டு, பழத்தோலில் ஒழுங்கற்ற கறை என்றால் வைரஸ். குணமாக்க முடியாது. பழத்தைத் தின்னலாம், மகசூல் குறையும். ஒரே செடி வைத்திருப்பவர்கள் காய்க்கும்வரை வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்து போத்து மட்டும் எடுக்கக் கூடாது. பல செடி இருந்தால் பிடுங்கிவிடுங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை இலையில் வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை கருகும், வெயில் 32 டிகிரிக்கு மேல் இருக்கும்போதும் அப்படியே. செடி காரணமின்றிக் குன்றி நின்றால் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கிறதா பாருங்கள், நூற்புழு. சுற்றிலும் துலுக்கச் சாமந்தி வைத்து, வேப்பம் புண்ணாக்கை இரட்டிப்பாக்குங்கள்.

எப்போது காய்க்கும், எப்போது பறிக்க?

விதைத்ததிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு வருடம். பூவிலிருந்து பழத்துக்கு 21 முதல் 26 வாரம். இந்தப் பொறுமை தக்காளிக்காரர்களிடம் இருப்பதில்லை. ஜூலை, ஆகஸ்ட் பூ ஜனவரி, பிப்ரவரியில் பழமாகும். நல்ல மலைத்தோட்டத்தில் முதிர்ந்த மரம் வருடத்துக்கு 15 முதல் 20 கிலோ தரும். பெங்களூர் மாடி டிரம்மில் அந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

பச்சை மாறி, ரகத்துக்குரிய நிறம் முழுதாக ஏறி, விரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கும்போது பறியுங்கள். மாம்பழம் போல வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கும் பழம் இல்லை இது. அரைக்காயில் பறித்தால் தோல் சிவக்குமே தவிர உள்ளே இனிப்பு ஏறாது. காம்போடு சேர்த்துக் கத்தரியால் வெட்டவும், இழுத்தால் கிளை கையோடு வரும். ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும்.

தொக்கு செய்தேன், கசக்கிறது.

தோல் உரிக்காமல் போட்டிருப்பீர்கள். கசப்பு முழுக்கத் தோலில்தான். அடியில் சிறு கீறல் போட்டு, கொதிநீரில் ஒரு நிமிடம் அமிழ்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோல் சட்டை கழற்றுவது போல வரும். அதிக நேரம் கொதிக்கவிட்டால் தோலின் கசப்பு சதைக்குள் இறங்கும். உரித்தபின் தோலை ஒட்டிய சதையில் மணல் போலச் சிறு கெட்டித் துணுக்கு சிலவற்றில் தட்டுப்படும். பல்லில் பட்டால் கடுக்கும், கத்தி நுனியால் எடுத்துவிடவும். மரப்பலகையில் அறுக்காதீர்கள், கறை போகாது.

அரை கிலோ பழத்துக்கு நல்லெண்ணெய் 100 மி.லி., கடுகு ஒரு டீஸ்பூன், பெருங்காயம், மிளகாய்த்தூள் ஒன்றரை டேபிள்ஸ்பூன், வறுத்துப் பொடித்த வெந்தயம் கால் டீஸ்பூன், உப்பு, நெல்லிக்காய் அளவு வெல்லம். புளி வேண்டாம், பழமே போதிய புளிப்பு. இறுகவைக்கும் பெக்டின் அதிகம் உள்ள பழமாதலால் சாதாரணத் தக்காளித் தொக்கைவிடச் சீக்கிரம் இறுகும். எண்ணெய் பிரிந்ததும் இறக்கிவிடுங்கள், ஆறினால் இன்னும் கெட்டிப்படும். சிக்கிம், டார்ஜிலிங் பக்கம் செய்வது போல நெருப்பில் சுட்டு, தோலுரித்து, பச்சை மிளகாய், பூண்டு, உப்போடு இடித்தால் தோசைக்கு அருமையான சட்னி.

காயையோ இலையையோ சமைக்கலாமா?

கூடாது. இலை, தண்டு, முற்றாத காய் எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்துக்கே உரிய நச்சு ஆல்கலாய்டு உண்டு. கவாத்து செய்த தழையை ஆட்டுக்கோ முயலுக்கோ போடாதீர்கள். மட்கவைத்து உரமாக்கலாம், நோயுள்ள தழையை மட்டும் தவிர்த்து. பழுத்த பழத்தில், விதை உட்பட, பயமில்லை. 100 கிராமில் சுமார் 30 மில்லிகிராம் வைட்டமின் சி கிடைக்கும்.

ஒரு செடி எத்தனை வருடம் இருக்கும்?

நல்ல இடத்தில் எட்டு முதல் பன்னிரண்டு வருடம். மூன்றாவது நாலாவது வருடத்தில் உச்சக் காய்ப்பு. டிரம்மில் ஐந்து வருடம் ஓடினால் சந்தோஷப்படலாம். மூன்றாவது வருடக் கவாத்தின்போதே இரண்டு போத்தை நட்டுவைத்துவிடுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று கேட்டுவரும் பக்கத்து வீட்டுக்கு. தாய்ச்செடி இருந்த டிரம்மின் மண்ணை அப்படியே மறுபடி பயன்படுத்தாமல் கீரைக்கோ அவரைக்கோ மாற்றிவிட்டு, புதுப் போத்துக்குப் புதுக் கலவை போடுங்கள்.